கஞ்சா "மரபணுவை மாற்றும்" என்கிறார்களே, மூளைக்குள் நிஜமாக என்னதான் நடக்கிறது?

விடியல்77:
வணக்கம் மக்களே. எங்கள் வாட்ஸப் குழுவில் ஒருவர் ஃபார்வர்டு போட்டார்: கஞ்சா ஒரு தடவை இழுத்தாலே டிஎன்ஏ மாறிவிடும், பேரப்பிள்ளை வரைக்கும் போகும் என்று. கொஞ்ச நாளில் அதே மனிதர் இன்னொன்று போடுகிறார்: கஞ்சாவில் இருக்கும் பொருள் கிழட்டு எலியின் மூளையை இளமையாக்கிவிட்டதாம். ரெண்டுக்கும் அடியில் "விஞ்ஞானிகள் நிரூபித்தனர்". எதிரும் புதிருமாக இருக்கும் ரெண்டு விஷயமும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கும்? நான் வணிகவியல் படித்தவன். உயிரியல் பத்தாம் வகுப்போடு சரி. எளிமையாகச் சொல்லுங்கள், ஆனால் மழுப்பாதீர்கள்.

ஆய்வகப்பூனை:
முதலில் ஒரு முடிச்சை அவிழ்த்துவிடலாம். டிஎன்ஏ எழுத்து மாறுவது வேறு, மரபணு வெளிப்பாடு மாறுவது வேறு. உங்கள் கல்லீரலிலும் மூளையிலும் இருப்பது ஒரே டிஎன்ஏதான். எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்பதில்தான் வித்தியாசம். அதாவது எந்த மரபணுவிலிருந்து எவ்வளவு ஆர்என்ஏ நகல் எடுக்கப்படுகிறது, அதிலிருந்து எவ்வளவு புரதம் உருவாகிறது என்பது. இது போட்டால் எரிந்து, அணைத்தால் நிற்கிற சுவிட்ச் இல்லை, ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி கூட்டலாம், குறைக்கலாம். மூளை மரபணுக்கள் பற்றிய கஞ்சா ஆராய்ச்சியில் பெரும்பகுதி இந்தக் கூட்டல் குறைத்தலைப் பற்றியதுதான்.

சரி, கஞ்சாவின் கை அந்த ரெகுலேட்டர் வரை எப்படிப் போகிறது? கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஎச்சியை 1964-ல் ரஃபேல் மெக்கூலமும் யெகியேல் கவோனியும் பிரித்தெடுத்தார்கள். அது மூளையில் எங்கே போய் ஒட்டுகிறது என்று தெரிய இன்னும் கால் நூற்றாண்டு ஆனது. 1988-ல் அதற்கென ஒரு ஏற்பி (வந்து ஒட்டும் பொருளைப் பிடித்து செல்லுக்குள் சேதி சொல்லும் புரதம்) இருப்பது உறுதியானது, 1990-ல் அதன் மரபணுவையே பிரித்துப் படித்தார்கள். அதுதான் சிபி1 ஏற்பி. நரம்பு செல்லின் மேற்பரப்பில் இருந்து ஜி-புரதம் வழியாக உள்ளே சேதி அனுப்பும் ஏற்பிகளில் மூளையில் மிக அதிகமாகக் காணப்படுபவற்றில் இதுவும் ஒன்று.

டிஎச்சி அதில் ஒட்டியதும் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற தூது மூலக்கூறின் அளவு இறங்குகிறது. இன்னொரு பக்கம் ஈஆர்கே என்ற நொதி விழித்துக்கொள்கிறது. இந்த இரண்டு வழிகளும் கடைசியில் செல்லின் உட்கருவுக்குள் இருக்கும் கிரெப் போன்ற புரதங்களில் போய் முடிகின்றன. எந்த மரபணுவை இப்போது படிக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் புரதங்கள் அவை. எலிக்கு டிஎச்சி கொடுத்தால் சி-ஃபாஸ், ஸிஃப்268 என்ற மரபணுக்கள் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே மூளையின் சில பகுதிகளில் எகிறுகின்றன. நினைவு பதிவாகும்போதும் இதே மரபணுக்கள்தான் எழும்பும். ஆக, மூளை தன் அன்றாட வேலைக்கு வைத்திருக்கும் பாதையிலேயேதான் டிஎச்சியும் போகிறது.

கட்டுமரம்:
அப்போ காபி குடிச்சாலும் மரபணு வெளிப்பாடு மாறும், ஓடினாலும் மாறும், இந்தப் பதிவைப் படிச்சாலும் மாறும். கஞ்சான்னா மட்டும் ஏன் இத்தனை கூப்பாடு? நான் பல வருஷம் பிடிச்சவன், இப்போ விட்டாச்சு. நல்லாத்தான் இருக்கேன்.

ஆய்வகப்பூனை:
@கட்டுமரம் முதல் பாதி முழுக்க சரி. மாறியதா என்பது கேள்வியே இல்லை. மாற்றம் சில மணி நேரத்தில் அடங்குகிறதா, இல்லை தங்கிவிடுகிறதா? அதுதான் கேள்வி. தங்க வேண்டுமென்றால் டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களிலோ டிஎன்ஏ மேலேயோ ரசாயன அடையாளம் விழ வேண்டும். மீத்தைல், அசிட்டைல் என்று சின்னச் சின்னத் துணுக்குகள். இதைத்தான் எபிஜெனெடிக்ஸ் என்கிறார்கள்.

இந்தத் துறையில் அதிகம் பேசப்படுவது நரம்பியல் ஆய்வாளர் யாஸ்மின் ஹர்ட் குழுவின் வேலை. 2007-ல் வந்த அவர்களின் ஆய்வில், விடலைப் பருவ எலிகளுக்கு மூன்று நாளுக்கு ஒருமுறை கிலோவுக்கு 1.5 மில்லிகிராம் டிஎச்சி ஊசி. மூன்று வாரம்தான். அதோடு நிறுத்திவிட்டார்கள். எலிகள் வளர்ந்த பிறகு ஹெராயின் கிடைக்கும் நெம்புகோலை வைத்துப் பார்த்தால், டிஎச்சி வாங்கிய எலிகள் மற்றவற்றைவிட அதிகம் எடுத்துக்கொண்டன. மூளையில் ஆசை, வெகுமதி உணர்வோடு தொடர்புள்ள நியூக்ளியஸ் அக்கம்பன்ஸ் பகுதியில் ப்ரோஎன்கெஃபாலின் மரபணு, அதாவது மூளையே தயாரிக்கும் ஓபியாய்டுக்கான (ஹெராயின் வகைப் பொருளுக்கான) மரபணு, கூடுதலாக ஓடிக்கொண்டிருந்தது. டிஎச்சி உடம்பை விட்டுப் போய் வெகுநாள் ஆன பிறகும்! 2012-ல் காரணத்தைத் தோண்டினார்கள். அந்த மரபணுவை அடக்கி வைக்கும் ஹிஸ்டோன் அடையாளம் குறைந்திருந்தது. மருந்து போய்விட்டது, குறி நின்றுவிட்டது.

சந்தேகசாமி:
எலிக்கு ஊசி போட்டால் எலிக்கு ஆகும். இதை எடுத்து மனிதன் மேல் ஒட்டவைப்பதுதான் எனக்கு ஒவ்வாத விஷயம். அளவைக் கவனித்தீர்களா? கிலோவுக்கு 1.5 மில்லிகிராம் என்றால் 60 கிலோ ஆளுக்கு 90 மில்லிகிராம் ஆகிறது. யார் அவ்வளவு எடுக்கிறார்கள்?

மாத்திரைக்காரி:
@சந்தேகசாமி ஐயா, மருந்தியலில் அப்படி நேராகப் பெருக்கக் கூடாது. உடல் சிறிதாக ஆக, வளர்சிதை மாற்றம் வேகமாக ஓடும். அதனால் உடல் பரப்பளவை வைத்து மாற்றுவார்கள். எலி அளவை 6.2-ஆல் வகுக்கணும், சுண்டெலி அளவை 12.3-ஆல். 1.5-ஐ 6.2-ஆல் வகுத்தால் கிலோவுக்கு சுமார் 0.24 மில்லிகிராம். 60 கிலோவுக்கு 14, 15 மில்லிகிராம்தான் வருது. நடைமுறையில் ஆட்கள் எடுக்கும் அளவுதான் அது.

இதையே அந்தக் "கிழட்டு எலி" ஆய்வுக்கும் போட்டுப் பாருங்க, சுவாரசியமா இருக்கும். அங்கே சுண்டெலிக்கு ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 3 மில்லிகிராம். 12.3-ஆல் வகுத்தால் அதுவும் 0.24!

விடியல்77:
அம்மாடி. ஒரே அளவு, ஒன்றில் கேடு, இன்னொன்றில் நன்மையா? அந்த ரெண்டாவது ஆய்வைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்களேன். என் கேள்வியே அதில்தான் நிற்கிறது.

ஆய்வகப்பூனை:
@மாத்திரைக்காரி மேடம் போட்ட கணக்கு அழகு. ஒரே ஒரு எச்சரிக்கை: எலிக்கு மூன்று நாளுக்கு ஒருமுறை ஊசி, அதாவது ஏறி இறங்கும் அளவு. சுண்டெலிக்கோ தோலுக்கடியில் சின்ன பம்ப் வைத்து 28 நாளும் சொட்டுச்சொட்டாக. இது ரெண்டும் மூளைக்கு ஒன்றல்ல. அதைத் தனியாக வைத்துவிட்டு மேலே போகலாம்.

2017-ல் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் பில்கெய்-கோர்சோவும் குழுவினரும் செய்தது அது. 2 மாதம், 12 மாதம், 18 மாதம் என மூன்று வயதுச் சுண்டெலிகள். வயதானவை டிஎச்சி வாங்கிய பிறகு நினைவுச் சோதனைகளில் தேறின, சில சோதனைகளில் இளசுகள் அளவுக்கே. நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதியில் மரபணு வெளிப்பாட்டை அளந்தபோது, டிஎச்சி வாங்கிய 12 மாதச் சுண்டெலியின் பட்டியல் எதுவும் வாங்காத 2 மாதச் சுண்டெலியின் பட்டியலைப் போல இருந்தது. நரம்பு இணைப்புகளும் அடர்ந்திருந்தன. ஹிஸ்டோன்களில் அசிட்டைல் ஏற்றத்தைத் தடுத்தால் இந்தப் பலன் கிடைக்கவில்லை. குளூட்டமேட் என்ற தூண்டும் ரசாயனத்தை அனுப்பும் நரம்பு செல்களில் சிபி1 ஏற்பி இல்லாத சுண்டெலிகளிலும் கிடைக்கவில்லை.

ஃபார்வர்டு போடுகிறவர்கள் விட்டுவிடும் வரி இனிமேல்தான்: அதே டிஎச்சியை வாங்கிய 2 மாத இளசுகளின் சோதனை முடிவுகள் மோசமாகின. ஒரே ஆய்வு, ஒரே மருந்து, ஒரே அளவு. வயது மட்டும் வேறு.

இதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. மூளையிலேயே சுரக்கும் அனந்தமைட், 2-ஏஜி என்ற பொருட்கள்தான் சிபி1 ஏற்பியின் சொந்தக்காரர்கள். நரம்பிணைப்பில் செய்தி வாங்கும் செல், "போதும், குறை" என்று அனுப்பிய செல்லுக்கே திருப்பிச் சொல்ல இவற்றைப் பயன்படுத்துகிறது. வயதாக ஆக இந்தச் சுரப்பு தளர்கிறது. தளர்ந்த இடத்தில் வெளியிலிருந்து கொஞ்சம் போட்டால் நிரவலாகிறது என்பது அந்தக் குழுவின் விளக்கம். விடலை மூளையில் அது தளரவில்லை. அது பாட்டுக்கு முழுவீச்சில் எந்த இணைப்பை வைப்பது, எதை வெட்டுவது என்று தீர்மானித்துக்கொண்டிருக்கிறது. அங்கே போய் வெளியாள் கையை வைத்தால் வேலை கெடும். 2019-ல் ஹர்ட் குழு வெளியிட்ட இன்னொரு ஆய்வில், விடலை எலிகளின் முன்மூளைப் புறணியில் நரம்புக் கிளைகள் காலத்துக்கு முன்பே வெட்டுப்பட்டிருந்தன. கூடவே மரபணுக்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஏறி இறங்கும் வலைப்பின்னலே வேறு மாதிரி அமைந்திருந்தது.

ஆகவே "கஞ்சா மூளை மரபணுக்களுக்கு நல்லதா கெட்டதா" என்று கேட்டால் பதில் வராது. எந்த வயது மூளை என்று சொன்னால்தான் பேச்சையே தொடங்க முடியும்.

சந்தேகசாமி:
கணக்கை ஏற்கிறேன் @மாத்திரைக்காரி. ஆனால் என் அடிப்படைக் கேள்வி அப்படியே நிற்கிறது. உயிரோடு இருக்கும் மனிதனின் மூளையை வெட்டி ஆர்என்ஏ எடுக்க முடியாது. அதனால் ரத்தத்தை எடுக்கிறார்கள். ரத்த வெள்ளணுவில் மீத்தைல் குறி மாறியிருந்தால் மூளையிலும் மாறியிருக்கும் என்று யார் சொன்னது?

இன்னொன்று. 2023-ல் சுமார் 1000 பேரின் ரத்தத்தை வைத்து ஒரு பெரிய ஆய்வு வந்ததே, "கஞ்சா எபிஜெனோமை மாற்றுகிறது" என்று தலைப்பு பறந்தது. அதில் கிடைத்த இடங்களில் ஒன்று ஏஎச்ஆர்ஆர் மரபணுவில் இருக்கிறது. புகையிலை ஆராய்ச்சியைத் தொட்டவர்களுக்கு அது தெரியாத இடமில்லை. சிகரெட் பிடிப்பவரைக் கண்டுபிடிக்க மிகவும் நம்பகமான ரத்தக் குறியே அதுதான். எதை எரித்தாலும் புகையில் வரும் பல வளைய ஹைட்ரோகார்பன்கள் அந்தப் பாதையைத் தூண்டும். அப்படியென்றால் அது டிஎச்சியின் கைரேகை இல்லை, புகையின் கைரேகை! கஞ்சாவோடு புகையிலையைக் கலந்து பிடிக்கிறவர்கள் எத்தனை பேர். புள்ளியியலில் "சரிக்கட்டிவிட்டோம்" என்று ஒரு வரி எழுதிவிட்டால் ஆயிற்றா?

ஆய்வகப்பூனை:
@சந்தேகசாமி ஏஎச்ஆர்ஆர் விஷயத்தில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். அந்த ஆய்வாளர்களும் காரணம்-விளைவு என்று அடித்துச் சொல்லவில்லை, தொடர்பு என்றுதான் சொன்னார்கள். தலைப்பு போட்டவர்கள் வேறு ஆட்கள்.

ஆனால் மனித மூளையே கிடையாது என்று சொல்லிவிட முடியாது. 2011-ல் ஒரு வேலை வந்தது. கர்ப்பத்தின் நடுப்பகுதியில் கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்களின் சம்மதத்தோடு கருவின் மூளைத் திசுவைப் பெற்றார்கள். கஞ்சா பயன்படுத்திய தாய்மாரின் கருவில், நியூக்ளியஸ் அக்கம்பன்ஸில் டோபமைன் டி2 ஏற்பிக்கான ஆர்என்ஏ குறைந்திருந்தது. மனிதத் தரவு என்றாலே நீங்கள் சொல்லும் கலப்படம் வரும் அல்லவா, அதனால் கர்ப்பிணி எலிகளுக்கு வெறும் டிஎச்சி மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். குட்டிகளிலும் அதே மரபணு, அதே இடம், அதே திசையில் குறைவு. வளர்ந்த பிறகும் நீடித்தது. அந்த மரபணு மேல் அடக்கும் ஹிஸ்டோன் குறி கூடி, திறக்கும் குறி குறைந்திருந்தது. புகையில்லை, புகையிலையில்லை, டிஎச்சி மட்டும். மனிதனில் பார்த்ததை எலியில் தனிமைப்படுத்திச் சோதிக்கிற இந்த முறைதான் எனக்கு நம்பிக்கை தருகிறது.

இன்னொரு வழி, தோல் அல்லது ரத்த செல்லைத் திருப்பி, குருத்தணுவாக்கி, அதிலிருந்து மனித நரம்பணுவை வளர்ப்பது. 2018-ல் அப்படி வளர்த்த செல்களில் டிஎச்சியை ஊற்றினார்கள். ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு ஆகியவற்றோடு தொடர்புள்ள மரபணுக்கள் பல அசைந்தன. அதைவிட முக்கியம், செல்லைத் தூண்டினால் வழக்கமாக எழும்பும் மரபணுக்கள் டிஎச்சிக்குப் பிறகு மந்தமாகத்தான் எழும்பின. கிண்ணத்தில் இருக்கும் செல் மூளை ஆகாது, தெரியும். ஆனால் அது மனித செல்.

கட்டுமரம்:
சரி, கர்ப்பத்தில வேணாம், விடலைப் பருவத்தில வேணாம். அதுல எனக்கும் வாதம் இல்லை. விட்டவனுக்கு என்ன? நிறுத்தினா எல்லாம் பழைய நிலைக்கு வருமா, இல்லை குறி குறியாவே நிக்குமா?

ஆய்வகப்பூனை:
@கட்டுமரம் பெரியவர்களைப் பொறுத்தவரை நல்ல செய்தி உண்டு. 2012-ல் தினமும் பிடிப்பவர்களின் மூளையை பெட் ஸ்கேனில் (ஏற்பியில் ஒட்டும் கதிரியக்கப் பொருளை வைத்து எடுக்கும் படம்) பார்த்தார்கள். புறணிப் பகுதிகளில் சிபி1 ஏற்பி சுமார் 20 சதவீதம் குறைந்திருந்தது. எத்தனை வருடம் பிடித்தாரோ அத்தனைக்கு ஏற்பக் குறைவு. ஏறக்குறைய நான்கு வாரம் கண்காணிப்பில் நிறுத்தி வைத்தபின் இயல்பு நிலைக்குத் திரும்பியது. பின்னால் வந்த ஒரு ஆய்வில் 2 நாளிலேயே ஏற ஆரம்பித்தது தெரிந்தது.

ஆனால் ஸ்கேனில் ஏற்பி குறைந்தது என்றால் அதன் மரபணு அடங்கியது என்று பொருளில்லை. அடிக்கடி தூண்டப்படும் ஏற்பியை செல் உள்ளே இழுத்துப் பூட்டிக்கொள்ளும். ஸ்கேனுக்கு அதுவும் இதுவும் ஒன்றாகவே தெரியும். சீக்கிரம் மீள்வதைப் பார்த்தால் இந்த உள்ளிழுத்தலுக்குப் பெரிய பங்கு இருக்கும் என்பது என் ஊகம்.

மாத்திரைக்காரி:
எல்லோரும் டிஎச்சியையே பிடிச்சுத் தொங்குறீங்க. கஞ்சாவிலேயே இருக்கும் போதை தராத இன்னொரு பொருளான சிபிடி பத்தி யாருமே வாய் திறக்கலை. கடையில "இயற்கையானது, போதையில்லை, பக்கவிளைவே இல்லை"ன்னு விக்கிறதெல்லாம் அதுதான்.

சிபிடி சிபி1 ஏற்பியில சரியா உட்காராது. செரட்டோனின் 1ஏ, டிஆர்பிவி1, ஜிபிஆர்55, பிபிஏஆர்-காமான்னு வேற பல ஏற்பிகளோட கதவைத் தட்டும். கடைசியா சொன்னது உட்கருவுக்குள்ளேயே இருந்து மரபணு வெளிப்பாட்டை நேரடியா நடத்தும் ஏற்பி. மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியாவில சோதிச்சப்போ டிஎச்சியைவிட சிபிடிதான் அதிக மரபணுக்களை அசைச்சது. அதுவும் ஆக்சிஜனேற்ற அழுத்தம், துத்தநாகச் சமநிலை சம்பந்தப்பட்டவை. ஆக "போதையில்லை"ன்னா "மூளைல ஒண்ணும் செய்யாது"ன்னு அர்த்தம் கிடையாது.

மருந்தா அது வேலை செய்யுது, அதில் சந்தேகமில்லை. ட்ரவே சிண்ட்ரோம்னு குழந்தைகளுக்கு வரும் கொடிய வலிப்பு இருக்கு, பெரும்பாலும் எஸ்சிஎன்1ஏ மரபணுக் கோளாறு. 120 பேரை வச்சு 2017-ல் வந்த சோதனையில, மாதத்துக்கு நடுமதிப்பா 12.4 வலிப்பு இருந்தது 5.9-க்கு இறங்குச்சு. போலி மருந்து வாங்கினவங்களுக்கு 14.9-லிருந்து 14.1. அடுத்த வருஷமே அமெரிக்காவில அனுமதி கிடைச்சது. ஆனா அங்கே குடுக்குறது தினமும் கிலோவுக்கு 20 மில்லிகிராம். கடைச் சொட்டு மருந்தில இருக்குறதோடு ஒப்பிடவே முடியாது. கூடவே க்ளோபசாம்ங்கிற வலிப்பு மருந்து எடுக்கும் பிள்ளைகளுக்கு அதன் வளர்சிதைப் பொருளை ஏத்திவிட்டு தூக்கக் கலக்கத்தை உண்டாக்கும். கல்லீரல் நொதிகளையும் பார்த்துக்கிட்டே இருக்கணும். இது கடையில வாங்கி நாமளா சொட்டுப் போட்டுக்குற விஷயமில்லை.

விடியல்77:
எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. அந்த "பேரப்பிள்ளை வரைக்கும்" விஷயம்? முழுப் பொய்யா?

ஆய்வகப்பூனை:
முழுப் பொய்யும் இல்லை, அந்த ஃபார்வர்டில் இருக்கும் அளவுக்கு உண்மையும் இல்லை. 2014-ல் எலிகளில் ஒன்று செய்தார்கள். விடலைப் பருவத்தில் டிஎச்சி வாங்கிய ஆணையும் பெண்ணையும், மருந்து உடம்பை விட்டுப் போனபிறகே சேரவிட்டார்கள். குட்டிகள் டிஎச்சியைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. இருந்தும் ஹெராயினுக்காக அதிகம் மெனக்கெட்டன, மூளையில் பழக்கம், வெகுமதியோடு தொடர்புள்ள ஸ்ட்ரையேட்டம் பகுதியில் சில மரபணுக்களின் ஓட்டம் மாறியிருந்தது. அது ஒரு தலைமுறைதான்.

மனிதரில் 2018-ல் விந்தணுவைப் பார்த்தார்கள். பிடிப்பவர் 12, பிடிக்காதவர் 12. மீத்தைல் குறிகளில் வித்தியாசம் இருந்தது. பிறகு அதே குழு 77 நாள் நிறுத்தச் சொல்லிப் பார்த்தது, புது விந்தணு உருவாக ஏறத்தாழ அவ்வளவு காலம் ஆகும் என்பதால். வித்தியாசம் பெருமளவு குறைந்தது. இதிலிருந்து பிள்ளைக்குப் போகிறது என்று சொல்ல இன்னும் பல படி ஏறணும். கருவுற்றதும் இந்தக் குறிகளில் பெரும்பாலானவை துடைக்கப்படுகின்றன.

சந்தேகசாமி:
24 பேர். இதை வைத்துப் பேரப்பிள்ளை வரை போய்விட்டார்கள் நம் ஆட்கள்.

என் மனம் மாற ஒன்றுதான் வழி. பிடிக்க ஆரம்பிப்பதற்கு முன்பே பிள்ளைகளைச் சேர்த்து, முன்னும் பின்னும் அளக்க வேண்டும். இல்லாவிட்டால் கோழியா முட்டையா கதைதான். மரபணு ஓட்டம் முதலிலேயே அப்படி இருந்ததால் பிடித்தானா, பிடித்ததால் அப்படி ஆனதா?

ஆய்வகப்பூனை:
@சந்தேகசாமி அப்படி ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. அமெரிக்காவில் ஏபிசிடி ஆய்வு. 9, 10 வயதில் ஏறத்தாழ 11,800 பிள்ளைகளைச் சேர்த்து, பத்தாண்டு அளவுக்குப் பின்தொடர்கிறார்கள். எம்ஆர்ஐ எடுக்கிறார்கள், டிஎன்ஏ மாதிரியும் வாங்குகிறார்கள். நீங்கள் சொன்ன "முன்பு" அதில் இருக்கிறது. மூளைக்குள் மரபணு ஓட்டத்தை அதிலும் நேரடியாகப் பார்க்க முடியாது. எலியில் கண்ட பட்டியலையும், இந்தப் பிள்ளைகளின் மூளைப் புறணித் தடிமன் எந்த இடத்தில் மாறுகிறது என்பதையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கத்தான் முடியும்.

சந்தேகசாமி:
பிடித்தாயா என்று பிள்ளையைக் கேட்டால் "இல்லை" என்றுதான் சொல்லும். அதையும் அப்படியே நம்பி எழுதிக்கொள்வார்களா?

ஆய்வகப்பூனை:
தலைமுடி எடுத்துப் பரிசோதிக்கிறார்கள். "இல்லை" என்று சொன்ன சிலரின் முடியில் கிடைத்தும் இருக்கிறது.